தோளைவிட்டு இறங்காத மேக்னம்

எலுமிச்சை பூப்பெடுக்கும் மாசத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கல்மடைப்புதூர் கமிஷன் கடை கோமதிநாயகம் தன் மச்சினன் சுடலைமணியைக் குறிபார்த்துத் தோளில் ஏற்றிய துப்பாக்கி, அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஊரில் அன்றைக்கு வேறு இரண்டு விசேஷங்களும் நடந்தன. ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது, மதியப் பஸ் நேரத்துக்கு வந்தது. ஆகவே துப்பாக்கி விஷயத்தை எல்லோரும் சாயங்காலம்தான் பேச ஆரம்பித்தார்கள்.

பன்றி விரட்டுகிற நாட்டுக்குழல் அந்த மலையடிவாரத்தில் பத்து வீட்டுக்கு ஒன்று உண்டு, அதையெல்லாம் யாரும் துப்பாக்கி என்று சொல்வதில்லை. இது முந்நூற்று எழுபத்தைந்து மேக்னம், காட்டெருமையும் யானையும் சுடுவதற்கென்று சீமையில் செய்தது, தோட்டா ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம், அதன் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல் ஒரு பித்தளை வளையம், மேலே டெலஸ்கோப், கையில் எடுத்தால் தூங்கும் பிள்ளையைத் தூக்கியதுபோல் கனம். ஒரு ஜமீன் வாரிசிடம் மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டு முறை கோபித்துக்கொண்டு எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கடைசியில் அந்த வாரிசே தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் தலைகுனிந்து நிற்கிற அளவுக்குப் பேரம் பேசி அதை வாங்கினார் கோமதிநாயகம். லைசென்ஸுக்கு ஆறு வருஷம் நடந்தார். வேட்டையாடினால் ஜெயில் என்று சட்டம் வந்து அவர் மீசை முளைக்கும் முன்பே வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு எதற்கு வாங்கினாய் என்று கேட்டவர்களிடம், "வச்சுக்கிடத்தான்" என்றார். மூட்டை தூக்கித் தலை சப்பையானவன், எடைக்கல்லில் ஏமாந்து ஏமாந்து எடை படித்தவன், பத்து ஊர்ச் சந்தையில் அறை வாங்கி யாவாரம் கற்றவன் ஒரு மேக்னம் வைத்திருந்தால், எதிரே உட்காருகிறவன் வாயைத் திறக்கும் முன்பே பாதி விலை தானாக இறங்கும். கடையில் முதலாளி நாற்காலிக்குப் பின்னால் அதை மாட்டிவைத்தார். விலை இறங்கியது.

இரண்டு தோட்டாதான் கூட வந்தது. முதல் தோட்டாவைப் பொங்கலுக்கு மறுநாள் ஊரே பார்க்கச் சுட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம், எண்ணூறு கஜத்துக்கு அப்பால், மலைச்சரிவில் பசுமாடு படுத்ததுபோல் ஒரு வெள்ளைப் பாறை உண்டு. துப்பாக்கிக் கட்டை தோளில் பதிந்து, கன்னம் கட்டையில் பதிந்து, மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தி அவர் விசையை இழுத்ததும், மாடுகள் கயிற்றை அறுத்தன, பாறையில் புகை கிளம்பியது, கோமதிநாயகம் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தார், கண்ணை மிகவும் ஒட்டி வைத்ததால் டெலஸ்கோப் விளிம்பு புருவத்தில் பிறைபோல் வெட்டியது. ரத்தம் வழிய எழுந்து நின்று, "பட்டுதாலே?" என்றார். பட்டது என்று ஊர் சொன்னது. அந்தப் பிறையைப் பத்து நாள் மருந்து போடாமல் வைத்திருந்தார்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கோமதிநாயகத்தின் எலுமிச்சந்தோட்டத்துக்கும் சுடலைமணியின் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு, ஆளுக்குப் பாதி, ஒரு நாள் முறை இவருக்கு, ஒரு நாள் முறை அவனுக்கு. சுடலைமணி, கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. நாற்பது மரம், ஒரு சைக்கிள், அதற்குமேல் ஆசை கிடையாது. அந்தப் பாதிக் கிணறு வேண்டும் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் வாங்கிவிடுவதுதான் அவர் வழக்கம்.

"விலை சொல்லு மாப்ளே."

"விலையே இல்ல அத்தான்."

"இல்லன்னா? கூடச் சொல்லுதியா, குறைச்சுச் சொல்லுதியா? ஒண்ணு சொன்னாத்தானல நான் ஒண்ணு சொல்ல முடியும்?"

"சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல. விக்கலை."

மூன்று மாதம் இதே பேச்சு. கூடக் கேட்கிறவனோடு சண்டை போடலாம், பொய் சொல்கிறவனை மடக்கலாம், அழுகிறவனைத் தட்டிக்கொடுத்து இன்னும் இறக்கலாம். வாயில் விலையே இல்லாதவனை என்ன செய்வது? கோமதிநாயகத்துக்கு கோபம் உள்ளங்காலிலிருந்து உச்சிக்கு ஏறியது. கடையில் வைத்து, நாலு பேர் முன்னால், பின்னாலிருந்த மேக்னத்தை எடுத்தார், தோட்டாவை உள்ளே தள்ளினார், தோளில் ஏற்றினார், "இப்பச் சொல்லுல" என்றார். சுடலைமணி சொல்லவில்லை. வெறும் மிரட்டல்தானே, போதும் என்று இறக்கப் போனார். இறங்கவில்லை.

கை கட்டையிலும், கன்னம் கட்டையிலும், விரல் விசையிலும், கண் டெலஸ்கோப்பிலும் ஒட்டியவை ஒட்டியபடி இருந்தன. நல்லெண்ணெய் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், மாட்டு வைத்தியர் வந்து வாலைத் தேடுகிறவர்போல் பின்பக்கமெல்லாம் தடவிப் பார்த்தார். பட்டாளத்திலிருந்து வந்த ஞானையா தோட்டாவையாவது வெளியே எடுக்கலாம் என்று தோட்டா போடும் போல்ட்டை இழுத்தார். பாறையில் அடித்த ஆணிபோல் நின்றது. இதற்குள் சுடலைமணி பயந்து வீட்டுக்கு ஓடினான். அவன் ஓட ஓடக் குழலும் திரும்பியது, குழலோடு கோமதிநாயகமும் திரும்பினார். அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் குழல் அந்த வீட்டை நோக்கி நின்றது. அவன் கொல்லைக்குப் போனான், குழல் கொல்லைக்குப் போனது.

"திசைகாட்டி மாதிரில்லா இருக்கு" என்றார் ஞானையா.

அவ்வளவுதான், ஊர் அதை ஏற்றுக்கொண்டது. மழை பெய்தால் குடை எடுப்பதுபோல, கோமதிநாயகத்தின் குழலுக்குக் கீழே குனிந்து போவது கல்மடைப்புதூரில் மரியாதையாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு குனிந்து போனது, சாமி சப்பரம் குனிய முடியாமல் தெருவை மாற்றிப் போனது. அவர் கழுத்து நொந்துபோகக் கூடாதென்று முடிதிருத்தும் கடைக்காரர் தன் பழைய சுழல் நாற்காலியைக் கடை வாசலில் கொண்டுவந்து போட்டார். சுடலைமணி எங்கே போனாலும் நாற்காலி கிறீச்சென்று திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டே தெருவில் உள்ளவர்கள், "சுடலை பம்புசெட்டுக்குக் கிளம்பிட்டான்" என்று சொன்னார்கள். சுடலைமணியின் பெண்டாட்டி தினமும் வந்து, "அண்ணே, அவுக தோட்டத்துல இருக்காவளா, டீக்கடையில இருக்காவளா?" என்று குழலைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒட்டாத கன்னத்தை மட்டும் வாரம் ஒருமுறை சவரம் செய்தார்கள். ஒட்டிய கன்னத்தில் தாடி கட்டையைச் சுற்றி வளர்ந்தது.

ஆவுடையம்மாள் புருஷனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் எழுந்ததும் முதலில் வந்து குழலைப் பார்ப்பாள். அது நிமிர்ந்து நின்றால், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அடுப்பைப் பற்றவைப்பாள். பிறகு சோற்றைப் பிசைந்து, கட்டைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் இரண்டு விரல் சந்தில் ஊட்டுவாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்:

"கோவம் இன்னும் இருக்கா?"

"இல்ல ஆவுடை."

"இருந்துச்சுன்னா சொல்லிருங்க. தம்பிப் பொண்டாட்டிய எங்கயாவது அனுப்பணும். அவ முழுகாம இருக்கா."

ஏனென்றால் விரல் விசையில் இருந்தது. கோபம் வந்தால் விரல் மடங்கும், மடங்கினால் சுடலைமணி எந்த மூலையில் இருந்தாலும் முடிந்தான். ஆகவே கோமதிநாயகம் கோபப்படக் கூடாது. அதைவிடக் கொடிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்க முடியாது. எலுமிச்சை வாங்க வந்த கேரளத்து வியாபாரிகள் நாலாந்தர விலை சொன்னார்கள், அவர் "சரி" என்றார். எடைபோடுகிறவன் கண் முன்னாலேயே கல்லை மாற்றினான், "சரிப்பா" என்றார். கடை வேலையாள் பகலில் மூட்டைமேல் படுத்துத் தூங்கினான், அவர் மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்தி, மெல்ல விட்டார். ஊர்க்கூட்டம் போட்டு, கோமதிநாயகத்துக்கு யாரும் எரிச்சல் மூட்டக் கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். அந்தத் தீர்மானத்தை மைக்கில் நாலு தடவை வாசித்ததில் அவருக்கு எரிச்சல் வந்தது. ஊரே தரையில் படுத்துக்கொண்டது. அவர் பல்லைக் கடித்துத் தாண்டினார்.

இதையெல்லாம் விடப் பெரிய சிறை டெலஸ்கோப்புக்குள் இருந்தது. சுவர் இருந்தாலும் மரம் இருந்தாலும் அதற்குள் தெரிந்தது சுடலைமணி மட்டுமே. இவர் வலது கண்ணுக்கு வேறு உலகம் கிடையாது. மூன்று மாதம் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசியும் பார்க்காத முகத்தை, குறுக்குக் கோட்டின் நடுவில் வைத்து, இமைக்காமல் பார்த்தார். அவன் பல் தேய்ப்பதை, வேட்டியில் மூக்குச் சிந்துவதை, மரத்துக்கு மரம் நின்று தனக்குத்தானே பேசுவதை, சாப்பாட்டில் கடைசி உருண்டையை நாய்க்கு வைப்பதைப் பார்த்தார். தலைக்குமேல் எப்போதும் ஒரு விரல் காத்திருக்கிறது என்று தெரிந்தவன் அவ்வப்போது நின்று, இவர் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்ப்பதையும் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது அவன் கண் நேராக இவர் கண்ணுக்குள் வரும். கோமதிநாயகத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது.

ஒருமுறை சுடலைமணி பொறுக்க முடியாமல் கணவாய் தாண்டிக் கேரளத்துக்கு ஓடினான். அவன் தூரம் போகப் போகக் குழல் மேலே ஏறியது. "தோட்டா வளைஞ்சுதான் விழும், தூரத்துக்குத் தக்கன ஏறத்தான் செய்யும்" என்று ஞானையா விளக்கினார். அவன் கடற்கரை ஊரை எட்டியபோது கோமதிநாயகம் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு பாவைக்கூத்துக் கயிறுபோல் புடைத்து நின்றது, ஊட்டிய சோறு தொண்டைக்குள் இறங்காமல் வழிந்தது. ஆவுடையம்மாள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏல தம்பி, திரும்பி வந்திரு. அவுக செத்துப்போவாக."

"நான் வந்தா நான் செத்துப்போவேன், அக்கா."

"அதுவுஞ் சரிதான்" என்று ஆவுடையம்மாள் போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டாம் நாள் குழல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று ஊர் தெரிந்துகொண்டு அவனுக்குச் சமைத்தது.

ஐந்தாம் மாதத்தில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு வாரத்துக்குள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஓட்டெண்ணி முடிவு சொன்ன பிறகுதான் திருப்பி வாங்கலாம். இது எல்லாத் தேர்தலுக்கும் உள்ள நடைமுறை. நாட்டுக்குழல் எல்லாம் வந்து சேர்ந்தது, மேக்னம் வரவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் அருளப்பன் இரண்டு கான்ஸ்டபிளோடு டெம்போவில் வந்து, குழலுக்குக் கீழே குனிந்து, கோமதிநாயகத்தின் எதிரே நின்றார்.

"துப்பாக்கியைத் தந்துட்டு ரசீது வாங்கிக்கிடுங்க, முதலாளி."

"நீங்களே கழட்டி எடுத்துட்டுப் போங்க ஐயா. உங்களுக்குக் கோயில் கட்டுதேன்."

அருளப்பன் இழுத்துப் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உரிமையாளரோடு சேர்த்து வாங்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நாற்காலியோடு தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். 'மேக்னம் ரைபிள் ஒன்று, தோட்டா ஒன்று, மேற்படி ரைபிளில் ஒட்டிய நபர் ஒன்று' என்று ரசீது எழுதி ஆவுடையம்மாளிடம் கொடுத்தார். ஆயுத அறையில், வரிசையாகச் சாத்திய நாட்டுக்குழல்களின் நடுவே, மற்றவற்றுக்குக் கட்டியதுபோலவே அவர் மணிக்கட்டிலும் எண் எழுதிய அட்டையைக் கட்டினார்கள். இருபத்தேழு.

சிக்கல் மறுநாள் வந்தது. சுடலைமணி டீக்கடைக்கு வந்தபோது குழல் இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்தது. பஸ் ஏறியபோது பெண் போலீஸ் அறையைப் பார்த்தது. ஆகவே ஓர் உத்தரவு போட்டார்கள்: வாக்கு எண்ணிக்கை முடியும்வரை சுடலைமணி கிணற்றைச் சுற்றிய இரண்டு தோட்டங்களையும்விட்டு வெளியே வரக் கூடாது. அங்கே இருந்தால் குழல் மேற்கு ஜன்னல் வழியாக வெறும் மலையைப் பார்க்கும், யாருக்கும் ஆபத்தில்லை. அப்படி இருவரையும் அடைத்தார்கள், ஒருவரைச் சுவருக்குள், ஒருவனை வேலிக்குள்.

அந்த நாட்களில்தான் கோமதிநாயகம் ஒன்றைப் பார்த்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், கோமதிநாயகத்தின் முறை வரும் நாளில், சுடலைமணி மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவேலியைத் தாண்டி வந்து, பம்பைப் போட்டு, இவருடைய மரங்களுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டான். முதலாளியை ஸ்டேஷனில் வைத்த பிறகு கடை வேலையாட்கள் தோட்டத்துக்கு வருவதில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் வட்டப்பாத்தி நிறைகிறவரைக்கும் நின்றான். நிறைந்ததும் மண்ணை அடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். நூற்றுப்பத்து மரம். குறுக்குக் கோடு அவன் முதுகிலேயே நின்றது, மரத்துக்கு மரம்.

வாக்கு எண்ணிக்கைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மத்தியான வேளையில், டெலஸ்கோப்புக்குள் சுடலைமணி பெரிதாகிக்கொண்டே வந்தான். குழல் தாழ்ந்தது. ஸ்டேஷனில் இருந்தவர்கள் முதலில் குழலைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு கொல்லை வழியாக ஓடினார்கள். சுடலைமணி சைக்கிளைச் சாத்திவிட்டு, ஆயுத அறைக்குள் வந்து, குழல் முனை நெஞ்சில் படுகிற தூரத்தில் நின்றான்.

"போதும் அத்தான். வேலிக்குள்ள கிடந்து எனக்கு மூச்சு முட்டுது. என் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். பிள்ளை பிறந்து, அதைத் தூக்கிட்டு நான் நடக்கும்போது இந்தக் குழல் அது மேலயும்லா நிக்கும்."

"பேசாம போயிருல. விரல் மரத்துப்போச்சு, எனக்கே அது எப்ப மடங்கும்னு தெரியல. கிணறு வேண்டாம். என் பாதியையும் எடுத்துக்கோ. கடைய எடுத்துக்கோ. என்ன வேணும்னு சொல்லு."

"பாத்தியளா, இப்பவும் யாவாரம்." சுடலைமணி சிரித்தான். "நம்ம ஊர்ல கிணத்துத் தண்ணிய விக்கக் கூடாது, கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கலாம்னு எங்க அப்பன் சொல்லிட்டுப் போனான். அக்காவை அனுப்பி, 'தா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன். நீங்க விலைல்லா கேட்டிய."

கோமதிநாயகத்துக்குத் தான் செய்த வியாபாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. கேட்டால் கிடைத்திருக்கக்கூடியவை எத்தனை இருந்தனவோ, அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தார். 'தா' என்று கேட்பதற்கு அந்த வாய்க்குப் பழக்கமில்லை. எச்சில்தான் வந்தது.

"பின்னால வரட்டுமா?" என்றான் சுடலைமணி.

"பின்னால வந்தா இது திரும்பும்."

"பின்னால நின்னாத்தான் திரும்பும். ஒட்டிக்கிட்டா எங்க திரும்பும்?"

அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். குழல் திரும்பியது, நாற்காலி சுழன்றது, வரிசையாக நின்ற நாட்டுக்குழல்கள் சோளத்தட்டைபோல் சரிந்தன. செக்கைச் சுற்றும் மாடாக அவனும், செக்காகக் கோமதிநாயகமும் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். நாலாவது சுற்றில் சுடலைமணி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்து அத்தானைக் கட்டிப்பிடித்து, தன் நெஞ்சை அவர் முதுகிலும் தன் தோளை அவர் தோளிலும் இறுக்கி, தாடையை அவர் கழுத்தில் பதித்தான். குழல் வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது, எஜமானைத் தொலைத்த நாய்போல் முகர்ந்தது. தேடிய ஆள் கட்டைக்குப் பின்னால் இருந்தான். உலகத்தில் எந்தத் துப்பாக்கியும் சுட முடியாத ஒரே இடம் அது.

டெலஸ்கோப்புக்குள் ஆறு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சுடலைமணி இல்லை. ஜன்னல் கம்பி தெரிந்தது, அதற்கு அப்பால் மலை தெரிந்தது, மலைமேல் ஒன்றுமில்லை.

"சுடுங்க அத்தான்."

"துப்பாக்கி உதை உன் மேலல்லா வந்து விழும்."

"விழட்டும்."

"ஏல, இது ஆனைக்குச் செஞ்சதுல. உன் எலும்பு நிக்காது. அதுக்கு நான் உனக்கு என்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சுடலைமணி இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவன் நெஞ்சு தன் முதுகில் குதிரை ஓடுவதுபோல் அடிப்பதைக் கோமதிநாயகம் கேட்டார். மூச்சை விட்டார். பாதியில் நிறுத்தினார்.

சத்தத்தில் ஸ்டேஷன் ஓடுகள் எழுந்து உட்கார்ந்தன. தோட்டா ஜன்னல் வழியாகப் போய் மலைக்குள் மறைந்தது. அதன் உதை கோமதிநாயகத்தின் தோள் வழியாக, அங்கே நிற்காமல், சுடலைமணிக்குள் போய் நின்றது. இருவரும் சுவரில் மோதி விழுந்தார்கள். மேக்னம், ஒட்டியிருந்த பக்கத்துத் தாடியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, தரையில் தனியாகக் கிடந்தது.

ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அருளப்பன் துப்பாக்கியைத் தாண்டி வந்து, இருவரும் உயிரோடிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, நோட்டை எடுத்தார். தேர்தல் விதி நடைமுறையில் இருக்கும்போது, காவல் நிலையத்துக்குள், ஒப்படைத்த ஆயுதத்தால் சுட்டது. சுட்டவர் ஒருவர். சுடச் சொல்லிக் கட்டிப்பிடித்தவர் ஒருவர். இரண்டு பேரையும் ஒரே லாக்கப்பில் தள்ளிப் பூட்டினார்கள்.

சுடலைமணிக்குக் காறை எலும்பு போயிருந்தது. தோள் ஒருபக்கம் தொங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கோமதிநாயகம் அவனைப் பார்த்தார். ஆறு மாதமாகக் கண்ணாடிக்குள் பார்த்தவனை முதன்முதலாக இரண்டு கண்ணாலும் பார்த்தார். பிறகு எழுந்தார். வளைந்த கை வளைந்தபடியே இருந்தது, அதைக் கம்பியில் கொண்டுபோய் இடித்தார்.

"யோவ் ரைட்டர்! மனுசனுக்கு எலும்பு முறிஞ்சு கிடக்கு, நீ உட்கார்ந்து எழுதிக்கிட்டா இருக்க? வண்டியக் கூப்பிடுய்யா!"

"எஃப்.ஐ.ஆர் முடியட்டும் முதலாளி."

"உன் எஃப்.ஐ.ஆர்ல இடி விழ! சுடலை பொண்டாட்டி எட்டு மாசப் பிள்ளைத்தாச்சிய்யா! வண்டி வருதா, இந்தக் கம்பியக் கடிச்சுத் துப்பவா?"

கேரளத்து வியாபாரிக்கும், கல்லை மாற்றியவனுக்கும், மூட்டைமேல் தூங்கியவனுக்கும் சேர வேண்டிய ஆறு மாதக் கோபம் மொத்தமும் அந்தத் தொண்டை வழியாக வந்தது. டீக்கடையில் கிளாஸ் நடுங்கியது, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பழக்கத்தில் தரையில் படுத்தார்கள், ரசீதோடு ஓடிவந்துகொண்டிருந்த ஆவுடையம்மாள் பாதி வழியில் அந்தக் குரலைக் கேட்டு நின்று, அதற்குள் இருப்பது என்ன என்று காதைக் கொடுத்து, தம்பி பெயரையும் கேட்டதும் மறுபடி ஓடினாள். அருளப்பன் பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தார்.

"வண்டி வருது மாப்ளே, கிளம்பிட்டானாம்" என்று திரும்பினார் கோமதிநாயகம், மூச்சிரைக்க. "ரொம்ப வலிக்கா?"

"நீங்க கத்தும்போது தெரியல" என்றான் சுடலைமணி, கண்ணை மூடிக்கொண்டு. "நிறுத்தாதிய."

கோமதிநாயகம் கம்பிப் பக்கம் திரும்பி மறுபடி ஆரம்பித்தார்.